வலிக்கு அளவுகோல் எது?

சென்ற ஆண்டு என் தாயாரின் வலது முழங்கால் மூட்டை எடுத்துவிட்டு, உலோகத்தாலும் பாலிஎத்திலீனாலும் ஆன செயற்கை மூட்டைப் பொருத்தினார்கள். மறுநாள் காலை செவிலியர் ஒருவர் கையில் ஓர் அட்டையுடன் வந்தார். "பாட்டி, வலி எவ்வளவு இருக்கு? வலியே இல்லைன்னா சைபர், தாங்கவே முடியலைன்னா பத்து. ஒரு நம்பர் சொல்லுங்க" என்றார். என் தாயார் சற்று யோசித்தார். "நோகத்தான் நோகுது கண்ணு... ஒரு நாலு வெச்சுக்கோ" என்றார். கீரைக்காரியிடம் பேரத்தை முடிப்பது போன்ற குரல். செவிலியர் 4 என்று எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அவர் அந்தப்பக்கம் திரும்பியதும் என் தாயார் கண்ணை இறுக மூடிக்கொண்டதை நான் பார்த்தேன்.

நான் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன். எந்த அளவை எடுத்து வந்தாலும் "கருவி எது? பிழை எவ்வளவு?" என்று மாணவர்களைக் கேட்பது என் வழக்கம். அந்த 4 என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அன்று மாலை அடுத்த கட்டில்காரரின் மகன் ஒரு கேள்வி கேட்டார்: "ஏனுங்க சார், இத்தனை பெரிய ஆப்பரேசன் பண்ணிப்போட்டு காய்ச்சல் மாத்திரையையே குடுக்கறாங்களே, இது எப்படிங்க பத்தும்?" அவர் சொன்னது பாரசிட்டமாலை.

மருத்துவரிடம் கேட்டேன். அபினி வகை மருந்துகளைக் கூடியவரை குறைத்து, மற்ற வலிநீக்கிகளை ஒன்றுடன் ஒன்று சேர்த்துக் கொடுப்பதே இன்றைய முறை என்றும், அதற்கு நல்ல ஆய்வுகள் இருக்கின்றன என்றும் அவர் பொறுமையாகச் சொன்னார். அந்த ஆய்வுகளைத் தேடிப் படித்தேன். நான் மருத்துவன் அல்லன். இக்கட்டுரையைப் படித்துவிட்டு எவரும் தம் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். ஆயினும் ஓர் அளவீடு எவ்வளவு சுமையைத் தாங்கும் என்று பார்க்க மருத்துவப் பட்டம் வேண்டியதில்லை. அந்த உரிமையில்தான் இந்த விமர்சனத்தை எழுதுகிறேன்.

ஐந்து வாக்கியக் கடிதம்

வாசகர்களே, அபினி வகை மருந்தைக் குறைக்க வேண்டும் என்ற கவலை ஏன் எழுந்தது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். 1980 ஜனவரி 10 அன்று 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' என்னும் அமெரிக்க மருத்துவ இதழில், ஆசிரியருக்கு வந்த கடிதங்களுக்கிடையே, ஐந்தே வாக்கியங்கள் கொண்ட ஒரு கடிதம் வெளியாயிற்று. எழுதியவர்கள் ஜேன் போர்ட்டர், ஹெர்ஷல் ஜிக் என்னும் இருவர். மருத்துவமனைகளில் படுத்திருந்த 39,946 நோயாளிகளின் குறிப்புகளை அவர்கள் பார்த்தார்கள். அவர்களில் 11,882 பேர் அபினி வகை மருந்தை ஒரு தடவையேனும் பெற்றவர்கள். முன்னர் அடிமைப் பழக்கம் இல்லாதவர்களில், அம்மருந்துக்கு அடிமையானதாகத் தக்க சான்றுடன் தெரிந்தவர்கள் நால்வரே. கடிதம் சொன்னது இவ்வளவுதான்.

நாலை 11,882-ஆல் வகுத்தால் பத்தாயிரத்துக்கு மூன்றுக்கும் சற்று அதிகமாக வரும். எவ்வளவு சின்ன எண்! அதைப் பார்த்தவர்கள் "அபினி வகை மருந்து கொடுத்தால் அடிமையாவது அரிது" என்று எழுதத் தொடங்கினார்கள். ஆனால் பகுதியில் இருப்பவர்கள் யார் என்று கவனியுங்கள். ஒரே ஊசி போட்டுக்கொண்டவரும் அந்த 11,882-இல் ஒருவர்தான். எல்லோரும் மருத்துவமனைக் கட்டிலில், செவிலியர் கண்முன் மருந்து பெற்றவர்கள். வீட்டுக்குப் போய் வாரக்கணக்கில் மாத்திரை விழுங்கியவரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. ஒரு கம்பியில் ஒரு நிமிடம் எடையைத் தொங்கவிட்டு, அது அறுந்துபோகவில்லை என்பதால் ஓராண்டுக்கும் அறாது என்று உறுதி கொடுப்பவரை நாம் என்ன சொல்வோம்? கம்பியின் மேல் தவறு இல்லை. சோதித்தவர் மேலும் தவறு இல்லை. போர்ட்டரும் ஜிக்கும் தாங்கள் கண்டதைக் கண்டபடி எழுதினார்கள். உறுதி கொடுத்தவர்கள் வேறு ஆட்கள்.

எத்தனை பேர் கொடுத்தார்கள் என்பதற்கும் கணக்கு உண்டு. 2017-இல் கனடா நாட்டு ஆய்வாளர்கள் சிலர் அக்கடிதத்தை மேற்கோள் காட்டிய 608 கட்டுரைகளை எடுத்துப் படித்தார்கள். அவற்றில் 72 விழுக்காடு, அடிமையாவது அரிது என்பதற்குச் சான்றாக அதைக் காட்டியிருந்தன. 81 விழுக்காடு, அந்த நோயாளிகள் மருத்துவமனைக்குள் இருந்தவர்கள் என்பதையே சொல்லவில்லை. இடையில் 1996-இல் ஆக்சிகோடோன் என்னும் அபினி வகை மருந்து மெல்லக் கரையும் மாத்திரையாக அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. அடிமைப்படும் அபாயத்தைக் குறைத்துக் காட்டி அதை விற்றதாக, பர்டியூ நிறுவனத்தின் ஓர் அங்கம் 2007-இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதற்குள் அமெரிக்காவில் பல்லாயிரம் குடும்பங்கள் சீரழிந்துவிட்டன. கடிதம் ஒன்றே இதற்குக் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஐந்து வாக்கியத்தைப் படிக்காமலே மேற்கோள் காட்டிய பழக்கத்துக்கு இதில் பங்கு உண்டு.

இரண்டாவது சறுக்கல்

அபினி வேண்டாம் என்றால் வேறு எது? இக்கேள்விக்கு விடை தருவதாகப் பத்தாண்டுகளுக்கு மேல் புகழ் பெற்றிருந்தவர் ஸ்காட் ரூபன் என்னும் மயக்கவியல் மருத்துவர். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரைச் சேர்ந்தவர். எலும்பு, மூட்டு அறுவைகளுக்குமுன் செலிகாக்சிப், ரோஃபிகாக்சிப் போன்ற மாத்திரைகளையும் பிரிகாபலினையும் கொடுத்தால் பின்னர் வலியும் குறைகிறது, மார்பினும் குறைவாகவே தேவைப்படுகிறது என்று கட்டுரைமேல் கட்டுரையாக எழுதினார். உலகெங்கும் மயக்கவியலாளர்கள் அவற்றைப் பின்பற்றினார்கள். 2008-இல் அவர் பணிசெய்த மருத்துவமனையில் வழக்கமான தணிக்கை ஒன்று நடந்தபோது, அவருடைய இரண்டு ஆய்வுகளுக்கு உரிய அனுமதியே பெறப்படவில்லை என்று தெரிந்தது. நூலைப் பிடித்து இழுத்தார்கள், சேலையே பிரிந்துவிட்டது. 2009-இல் 21 கட்டுரைகளின் தரவுகள் இட்டுக்கட்டியவை என்று அறிவித்தார்கள். சிலவற்றில் நோயாளிகளே இல்லை. 2010-இல் அவருக்கு 6 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஆண்டுதோறும் நடக்கும் ஒன்று நினைவுக்கு வருகிறது. தனி ஊசல் சோதனையில் g-யின் மதிப்பு 980 என்று துல்லியமாக எழுதிக்கொண்டு வரும் மாணவர் எப்போதும் சிலர் இருப்பார்கள். 980-ஐ வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்டு அலைவு நேரத்தை நிரப்பியிருப்பார்கள். 962 என்று எழுதிவரும் மாணவரை நான் நம்புகிறேன். ரூபனின் முடிவுகளும் மருந்துக்குச் சாதகமாகவே வந்துகொண்டிருந்தன என்பது எல்லாம் முடிந்த பிறகே பலர் கண்ணுக்குப் பட்டது.

இதைப் படித்துவிட்டு "அப்படியானால் அபினி சாராத முறை முழுவதுமே பொய்தானே" என்று நீங்கள் எண்ணக்கூடும். அதுவும் அவசரம். ரூபனின் கட்டுரைகளை நீக்கிவிட்டு மற்றவர்களின் எண்களை மட்டும் கூட்டிப் பார்த்தபோது, முறையாகக் கணக்கிட்ட தொகுப்பாய்வுகளின் முடிவுகள் பெரிதாக மாறவில்லை. எண்களைக் கூட்டாமல் வாயால் மதிப்பிட்ட சில தொகுப்புகள்தாம் ஆட்டம் கண்டன. இங்கு மாணவர்களுக்கு ஒரு செய்தி இருக்கிறது. அதை அவர்களே கண்டுகொள்வார்கள்.

மருந்து எங்கே வேலை செய்கிறது?

அறுவையில் திசுக்கள் வெட்டுப்படும்போது புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள்கள் அங்கே சுரக்கின்றன. இவை தாமே பெரிய வலியை உண்டாக்குபவை அல்ல. நரம்பு முனையின் தொடக்க வரம்பைத் தாழ்த்துகின்றன. மற்ற நேரத்தில் தொட்டால் தெரியாத தொடுகை இப்போது வலிக்கிறது. மின்சுற்றில் உணர்த்தியின் உணர்திறனை ஏற்றிவிட்டாற்போல என்று வைத்துக்கொள்ளலாம். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் முதலியவை இப்பொருள்கள் உருவாவதையே தடுக்கின்றன. ஆஸ்பிரின் இப்படித்தான் செயற்படுகிறது என்பதை 1971-இல் இலண்டனில் ஜான் வேன் காட்டினார். 1982-இல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. பாரசிட்டமால் பெரும்பாலும் மூளை, தண்டுவடப் பகுதியில் வேலை செய்கிறது. முழு விவரம் இன்னும் விவாதத்தில் உள்ளது. மார்பின் வேறு இடத்தில், வலிச் செய்தி மேலே ஏறும் பாதையில், குறுக்கே நிற்கிறது. வெவ்வேறு இடத்தில் தடுக்கும் மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் ஒவ்வொன்றும் சிறு அளவே போதும் என்பதுதான் இம்முறையின் கருத்து. கருத்து அழகாகவே இருக்கிறது. ஆனால் அழகான கருத்துக்கும் எடை போட்டாக வேண்டும்.

டென்மார்க்கின் தராசு

நான் படித்தவற்றுள் என் மதிப்பைப் பெற்றது டென்மார்க்கில் செய்த ஓர் ஆய்வு. 'பான்செய்ட்' என்பது அதன் சுருக்கப் பெயர். 2019-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியாயிற்று. ஆறு மருத்துவமனைகளில் இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்ட 556 பேரைக் குலுக்கல் முறையில் நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். குழுவுக்கு ஏறத்தாழ 140 பேர். ஒரு குழுவுக்குப் பாரசிட்டமால் 1000 மி.கி.யும் ஐபுப்ரோஃபென் 400 மி.கி.யும் சேர்த்து. இன்னொன்றுக்குப் பாரசிட்டமால் மட்டும். மூன்றாவதற்கு ஐபுப்ரோஃபென் மட்டும். நான்காவதற்கு இரண்டும், ஆனால் பாதி அளவில். ஆறு மணிக்கு ஒருமுறை, ஒரு நாள் முழுதும். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, கவனிப்பவருக்கும் தெரியாது.

வலியை அவர்கள் எப்படி அளந்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். ஒவ்வொரு நோயாளியிடமும் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். வலித்தால் அதை அழுத்தலாம். பம்பு சிறிதளவு மார்பினை நரம்பு வழியே செலுத்தும். அளவு மீறாதிருக்க, இத்தகைய பம்புகளில் ஒரு தடவைக்கும் அடுத்ததற்கும் இடையே நேரப்பூட்டு இருக்கும். 24 மணி நேரத்தில் ஒருவர் தமக்குத் தாமே எவ்வளவு மார்பின் எடுத்துக்கொண்டார் என்பதே அளவு.

வீட்ஸ்டன் சுற்றை ஆய்வுக்கூடத்தில் பார்த்த மாணவர்கள் இதை உடனே புரிந்துகொள்வார்கள். கால்வனாமீட்டரின் முள் எவ்வளவு விலகுகிறது என்று நாம் படிப்பதில்லை. முள் சுழிக்கு வரும்வரை மின்தடையை மாற்றுகிறோம்; மாற்றிய மின்தடையைத்தான் படிக்கிறோம். தராசிலும் அப்படியே. முள் நடுவில் நிற்க எத்தனை படிக்கல் வேண்டியிருந்தது என்பதே விடை. இங்கே வலிதான் முள், மார்பின் படிக்கல், நோயாளியே தராசுக்காரர். தாங்கத்தக்க நிலைக்கு வலி வரும்வரை அவர் படிக்கல்லைப் போட்டுக்கொண்டே இருக்கிறார். ஆகவே இத்தகைய ஆய்வுகளில் குழுவுக்குக் குழு வலி எண் ஒன்றுபோல வந்தால் "மருந்து வேலை செய்யவில்லை" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. முள் நடுவில் நிற்பது இயல்பு. படிக்கல்லை எண்ணுங்கள்.

எண்ணிய விடை இது. பாரசிட்டமால் மட்டும் பெற்றவர்களை மார்பின் அளவுப்படி வரிசையாக நிறுத்தினால், நடுவில் நிற்பவர் எடுத்தது 36 மி.கி. ஐபுப்ரோஃபென் மட்டும் பெற்ற குழுவில் 26. பாதி அளவில் இரண்டும் பெற்றவர்களில் 28. முழு அளவில் இரண்டும் பெற்றவர்களில் 20. காய்ச்சல் மாத்திரை என்று இகழ்ந்த பொருளோடு இன்னொரு சாதாரண மாத்திரையைச் சேர்த்ததும் 16 மி.கி. மார்பின் குறைந்துவிட்டது. சிறு சாதனை அன்று.

எங்கே பாரம் தாங்கவில்லை?

பாராட்டிவிட்டேன், இனிக் குறைகளைச் சொல்லலாம். ஆய்வைத் தொடங்குமுன்பே அதன் ஆசிரியர்கள் 10 மி.கி.க்குக் குறைவான வேறுபாட்டை நோயாளிக்குப் பயனுள்ளதாகக் கருதுவதில்லை என்று கோடு போட்டுக்கொண்டார்கள். அந்த நேர்மை அரிது. அந்தக் கோட்டின்படி பார்த்தால், இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதற்கும் ஐபுப்ரோஃபெனை மட்டும் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடு 6 மி.கி.தான். ஐபுப்ரோஃபென் மட்டுமே போதுமானதாக இருக்கலாம் என்று அவர்களே எழுதினார்கள். ஆனால் இந்த ஆய்வை எடுத்துச் சொல்பவர்கள் முதல் வாக்கியத்தைச் சொல்லிவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். 1980-ஆம் ஆண்டுக் கடிதத்துக்கு நேர்ந்ததும் இதுவே.

நடுவில் நிற்பவரைச் சொன்னேன், ஓரங்களில் நிற்பவர்கள்? ஒரே குழுவுக்குள் மார்பினே வேண்டாதவரும் இருந்தார், 100 மி.கி.க்கு மேல் எடுத்தவரும் இருந்தார். அறுவை ஒன்று, மாத்திரை ஒன்று, தேவையோ எங்கெங்கோ. ஆகவே 20 என்பது குழுவின் எண். எந்தக் கட்டிலில் இருப்பவருடைய எண்ணும் அன்று. "இந்த அறுவைக்கு இவ்வளவு மருந்து" என்று அட்டையில் அச்சடித்து வைத்திருக்கும் முறைக்கு எதிராக இந்த ஆய்வே சாட்சி சொல்கிறது.

மூன்றாவது குறை பாதுகாப்பைப் பற்றியது. இதில்தான் என் மனம் அதிகம் நிற்கிறது. 90 நாட்களுக்குள் கடுமையான பின்விளைவுகள் பாரசிட்டமால் மட்டும் பெற்றோரில் 11 விழுக்காட்டினருக்கும், ஐபுப்ரோஃபென் மட்டும் பெற்றோரில் 15 விழுக்காட்டினருக்கும் ஏற்பட்டன. இவ்வேறுபாடு புள்ளியியல்படி உறுதியானதன்று என்று எழுதப்பட்டிருக்கிறது. சரியே. ஆனால் அதன் பிழை எல்லையைப் பாருங்கள்: அபாய விகிதம் 0.79 முதல் 2.64 வரை எதுவாகவும் இருக்கலாம். அபாயம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கவும் கூடும், இரண்டரை மடங்குக்கு மேல் கூடியிருக்கவும் கூடும் என்பது இதன் பொருள். வெர்னியர் இல்லாத அடிக்கோலால் தலைமுடியின் தடிப்பை அளந்துவிட்டு "தடிப்பே இல்லை" என்று சொல்லலாமா? தீமை நிரூபிக்கப்படவில்லை என்பதும் தீமை இல்லை என்பதும் வேறுவேறு வாக்கியங்கள். இந்த ஆய்வு முதலாவதை மட்டுமே சொல்கிறது.

இம்மருந்துகளைக் கொடுக்கக் கூடாதவர்கள் ஆய்வில் சேர்க்கப்படவுமில்லை. அது முறைதான், ஆனால் நம் வீடுகளில் மூட்டு மாற்றிக்கொள்பவர்கள் யார்? நீரிழிவும் இரத்த அழுத்தமும் பல ஆண்டுகளாக உள்ள முதியவர்கள் அவர்களில் ஏராளம். சிறுநீரகத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் நுண்ணிய குழல்களைத் திறந்து வைத்திருப்பதில் அதே புரோஸ்டாகிளாண்டின்களுக்குப் பங்கு உண்டு. வலிக்காக அவற்றை நிறுத்தினால் அங்கேயும் நின்றுபோகின்றன. ஏற்கெனவே தளர்ந்த சிறுநீரகத்துக்கு, இரத்த அழுத்த மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்திருக்கும் உடம்பில், இது பெரிய அடி. வயிற்றுப் புண் இன்னொரு பக்கம். மருந்துக்கடையில் சீட்டில்லாமல் "மூட்டு வலி மாத்திரை" கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் வழக்கம் நம்மிடம் எவ்வளவு உண்டு என்பதை நீங்களே அறிவீர்கள். பாரசிட்டமாலும் குற்றமற்றது அன்று. நாளொன்றுக்கு 4 கிராம் என்பது அதன் உச்ச வரம்பு; தாண்டினால் கல்லீரல் கெடும். சளி மாத்திரையிலும் கூட்டு மாத்திரைகளிலும் அது பெயர் மறைந்து கிடப்பதால், தெரியாமலே வரம்பைத் தாண்டிவிடலாம்.

என் தாயாருக்குச் சர்க்கரை இருபது ஆண்டுகளாக. இரத்தத்தில் கிரியேட்டினின் கூடியிருந்ததால் மருத்துவர் ஐபுப்ரோஃபென் வகையைத் தொடவே இல்லை. அது சரியான முடிவு. ஆனால் டென்மார்க்கின் கணக்கில் அவர் எந்த வரிசையில் நிற்கிறார்? பாரசிட்டமால் மட்டும் பெறுவோர் வரிசையில், 36 மி.கி. தேவைப்பட்ட வரிசையில். அவர் கையில் பொத்தானும் இல்லை.

இடுப்பும் முழங்காலும்

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த ஆய்வு இடுப்பு மூட்டைப் பற்றியது. முழங்கால் அறுவையின் வலி பொதுவாக அதைவிடக் கடுமை. பிறகு மடக்கி நீட்டும் பயிற்சி வேறு. முழங்காலுக்கு அறுவை மருத்துவரே மூட்டைச் சுற்றி மரப்பு மருந்தைச் செலுத்தும் முறை ஒன்று உண்டு. சிட்னியில் கெர், கோஹன் என்னும் இருவர் 2008-இல் 325 நோயாளிகளின் அனுபவத்தை வெளியிட்டுப் பிரபலமாக்கியது அது. அவர்கள் கட்டுரையில் ஒப்பீட்டுக் குழு கிடையாது. ஆகவே அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பின்னர் வந்த ஒப்பீட்டு ஆய்வுகள் முழங்காலில் அதற்குப் பயன் உண்டு என்றும், இடுப்பில் மற்ற மாத்திரைகள் கொடுத்திருந்தால் கூடுதல் பயன் சொற்பம் என்றும் காட்டின.

2022-இல் மீண்டும் டென்மார்க்கிலிருந்தே ஒரு முழங்கால் ஆய்வு வந்தது. 485 பேர். எல்லோருக்கும் பாரசிட்டமால், ஐபுப்ரோஃபென், மூட்டைச் சுற்றி மரப்பு மருந்து மூன்றும் உண்டு. அதற்கு மேல் டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டைச் சிலருக்கு ஒருமுறையும் சிலருக்கு இருமுறையும் கொடுத்தார்கள். சிலருக்கு வெறும் உப்புநீர். 48 மணி நேரத்தில் உப்புநீர்க் குழுவின் நடுவர் எடுத்த மார்பின் 43 மி.கி.; ஸ்டீராய்டை இருமுறை பெற்ற குழுவில் 35. ஸ்டீராய்டு உதவுகிறது என்பது தலைப்புச் செய்தி. என் கண்ணுக்குப் பட்டது வேறு. அபினி சாராத மூன்று மருந்துகளையும் ஒழுங்காகக் கொடுத்த பிறகும் நடுவில் நிற்பவருக்கு 43 மி.கி. மார்பின் வேண்டியிருந்திருக்கிறது! "அபினியில்லா அறுவை" என்று விளம்பரப் பலகை எழுதுபவர்கள் இந்த எண்ணை ஒருமுறை படிக்க வேண்டும். இம்மாத்திரைகள் மார்பினைக் குறைக்கின்றன, பெரும்பாலோருக்கு ஒழித்துவிடவில்லை. ஸ்டீராய்டு இரத்தச் சர்க்கரையை ஏற்றும் என்பதால் என் தாயாருக்கு அந்த வழியும் அடைபட்டிருந்தது.

ரூபன் புகழ்ந்த பிரிகாபலின் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதையும் அதன் உறவான கபாபென்டினையும் பற்றி 281 ஆய்வுகளை, ஏறத்தாழ 25,000 நோயாளிகளின் கணக்கை, 2020-இல் கனடாவில் ஒன்றுதிரட்டிப் பார்த்தார்கள். வலி குறைந்த அளவு நோயாளிக்கு உணரத்தக்கதாக இல்லை, தலைச்சுற்றல்தான் கூடியது. இருந்தும் பழக்கத்தால் எழுதப்படும் சீட்டுகளில் அது இன்னும் தலைகாட்டுகிறது.

நம் நாட்டுக் கவலை வேறு

அமெரிக்காவுக்கு அபினி வகை மருந்து மிகையாகப் பாய்ந்ததே துன்பம். நமக்கு நேர்ந்தது தலைகீழ். மத்தியப் பிரதேசத்திலும் இராஜஸ்தானிலும் சட்டப்படியே அபினிச் செடி பயிராகிறது. ஆனால் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்துக்குப் பின் உரிமம் பெறும் நடைமுறைகள் அவ்வளவு சிக்கலாயின. புற்றுநோயாளிக்கு மார்பின் வைத்திருக்கவும் மருத்துவமனைகள் தயங்கின. 2014-இல் சட்டத்தைத் திருத்தி நடைமுறையை எளிதாக்கினார்கள். ஆயினும் தயக்கம் சட்டத்தைவிட மெதுவாகத்தான் மாறுகிறது. இந்நிலையில் அமெரிக்காவின் எச்சரிக்கையை அப்படியே இறக்குமதி செய்து "அபினி வகை வேண்டவே வேண்டாம்" என்றால், ஏற்கெனவே பல்லைக் கடித்துக்கொண்டிருப்பவர்கள் இன்னும் சற்று அழுத்திக் கடிப்பார்கள். அவ்வளவே. அபினி சாராத மருந்துகளை முதலில், நேரம் தவறாமல், சிறுநீரகத்தையும் வயிற்றையும் பார்த்துக் கொடுக்கட்டும். போதவில்லை என்றால் கண்காணிப்பில் சில நாட்களுக்கு மட்டும் மற்றதையும் கொடுக்கட்டும். நான் படித்த ஆய்வுகள் இதைத்தான் தாங்குகின்றன. இதற்கு மேல் எந்தப் பக்கமும் தாங்கவில்லை.

அந்த 4-க்குத் திரும்புகிறேன். மோஸ் என்பவர் வகுத்த கடினத்தன்மை வரிசையில் குருந்தக் கல் 9, வைரம் 10. ஒன்றுதான் வேறுபாடு என்று நினைக்க வேண்டாம். உண்மையில் வைரம் குருந்தத்தைவிடப் பல மடங்கு கடினமானது. அந்த எண்கள் வரிசையைச் சொல்கின்றனவேயன்றி அளவைச் சொல்வதில்லை. வலி எண்ணும் அவ்வகையே. 4 என்பது 2-ஐப் போல் இருமடங்கு அன்று. ஒருவரின் 4 இன்னொருவரின் 4-உம் அன்று. அதோடு நல்ல ஆய்வுகளில் அசையாமல் படுத்திருக்கும்போது ஒரு எண்ணும், அசையும்போது ஒரு எண்ணுமாக இரண்டு எடுக்கிறார்கள். எங்கள் வார்டில் எடுத்தது ஒன்றுதான், அதுவும் அசையாதபோது.

மறுநாள் காலை அதே செவிலியர் வந்தபோது நான் இதைச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "சரிங்க சார்" என்று அட்டையைக் கட்டில்மேல் வைத்துவிட்டு, என் தாயாரின் குதிகாலைக் கையில் ஏந்தி, "பாட்டி, கொஞ்சம் மடக்குங்க பார்ப்போம்" என்றார். கால் ஒரு சாண் நகர்வதற்குள் என் தாயார் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப எவ்வளவு பாட்டி?"

என் தாயார் என்னை ஒருமுறை பார்த்தார். செவிலியரைப் பார்த்தார்.

"எட்டுன்னே எழுதிக்கோ கண்ணு" என்றார்.